மேல்சித்தாமூர் மடம் – 9: உடையார்பாளையத்தார் கொடுத்த அடைக்கலம்

சமணர் தானத்தை நான்காக வகுப்பர்: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். பசித்தவருக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து, கற்பவருக்கு ஏடு, அஞ்சி வந்தவருக்கு அடைக்கலம். சோற்றுக்கும் பூசைக்கும் வழி செய்தது பள்ளிச்சந்தம். சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் இது, சமணப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலம். பொன்னாகக் கொடுத்தால் முதலைத் தொடாமல் பொலிசையில், அதாவது வட்டியில், தர்மம் நடக்கும். வசதியுள்ள இல்லறத்தார் ஒரு நூலை ஓலையில் படியெடுக்கச் செய்து துறவிக்கோ மடத்துக்கோ கொடுப்பது சாத்திர தானம்.

நான்காவதுதான் கொடுப்பவர் தலைக்கே ஆபத்தானது. அதற்குச் செஞ்சிச் சீமையிலேயே கதை உண்டு. செஞ்சியை ஆண்ட வேங்கடபதி ஒவ்வொரு மேல்குலத்திலும் பெண் கேட்டானாம். சமணர் சம்மதிப்பதுபோல் சம்மதித்தனர். மணநாளில் அவன் போய்ப் பார்த்தால் பந்தல் காலில் ஒரு பெட்டை நாய் கட்டியிருந்தது. சமணர் தலைகள் உருண்டன. சிலர் ஓடினர், சிலர் திருநீறு பூசிக்கொண்டனர், சிலர் மறைவில் வழிபட்டனர். திண்டிவனத்தை அடுத்த வேலூரில் ஒருவர் குளத்தங்கரையில் சந்தி வழிபாடு செய்யும்போதே பிடிபட்டார். அன்று பார்த்து வேங்கடபதிக்குப் பிள்ளை பிறந்திருந்ததால் உயிர் தப்பினார். கர்நாடகத்துச் சமணத் தலமான சிரவணபெளகொளாவுக்குப் போய்த் துறவு பூண்டு வீரசேனாசாரியர் ஆனார்.

இதற்கு 1478 என ஆண்டு சொல்வது வழக்கம். செஞ்சி நாயக்கர் ஆட்சி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பொதுவாகக் கணக்கிடப்படுவதால் இந்த ஆண்டு ஐயத்துக்குரியது. கதையில் கூட்டல் கழித்தல் இருக்கலாம். ஊரைவிட்டு ஓடிய நினைவு பொய்யாக இருக்க நியாயமில்லை.

அப்படி ஓடிய சமணருள் ஒருவர் தாயனூர் கங்கைய உடையார். அவர் போய்ச் சேர்ந்த இடம் உடையார்பாளையம். அங்கிருந்த பாளையக்காரர் சமணர் அல்லர். செஞ்சியின் பகையை விலைக்கு வாங்குகிறோம் என்று அவருக்குத் தெரியாமலிருக்காது. இருந்தும் வந்தவரைக் காத்தார், நிலமும் கொடுத்தார். ஒரு வேளைச் சோறு போட்டு வழியனுப்பாமல் உழுது பிழைக்க வழி காட்டிய இந்த உதவியை, அணையாது எரியும் நூறு நந்தா விளக்குகளுக்கு மேலாக வைக்கலாம்.

கொந்தளிப்பு அடங்கியபின் கங்கையர் ஊர் திரும்பினார். சிரவணபெளகொளா சென்று வீரசேனரை அழைத்துவந்தார். நீறு பூசியிருந்தவர் பலர் மீண்டும் சமணராயினர். நன்றியாகச் சமணர் விசேஷங்களில் முதல் வெற்றிலை பாக்கு கங்கையர் வழியினருக்கு. மேல்சித்தாமூர்ச் சமண மடத்தின் அதிபதியைத் தேர்ந்தெடுப்பதிலும் அவர்களுக்கு முதன்மையான குரல். 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியர் இந்த உரிமைகளைப் பதிவு செய்திருக்கிறது. அடைக்கலம் பெற்றவர் குடும்பத்துக்கு இத்தனை மரியாதை. கொடுத்த பாளையக்காரரின் பெயரோ கதையிலேயே இல்லை. இது சரியான கணக்கு அன்று.



(தொடரும்)