கடல் கடந்த கந்தூரி: பினாங்கு நாகூர் தர்காவும் சூபி இசைவழிபாடும்

சூபி வழிபாடு என்றவுடன் மாணவர் பலருக்கும் நினைவில் எழுவது, வெண்ணிற அங்கியும் உயர்ந்த தொப்பியும் அணிந்து சுழன்றாடும் துருக்கிய தர்வேசுகளின் காட்சியே. 1273இல் கொன்யா நகரில் மறைந்த மௌலானா ரூமியின் வழிவந்த மெவ்லவி நெறியினர் வளர்த்த அச்சடங்கிற்குச் 'சமா' என்று பெயர். அரபுச் சொல்லாகிய அதற்கு ஆடுதல் என்பது பொருளன்று. செவிமடுத்தல் என்பதே பொருள். இதனை மனத்திற்கொண்டால், சமாவின் உறவைத் தேடிக் கொன்யா வரை செல்ல வேண்டுவதில்லை. ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையே போதும்.

அங்குள்ள நாகூர் தர்கா, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து நாகூரில் அடங்கிய சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வை அவர்கள் கடற்பயணிகளின் காவலராகப் போற்றினர். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவிலும் 1828க்கும் 1830க்கும் இடையில் இத்தகைய தர்கா ஒன்று கட்டப்பட்டது. அடக்கத்தலம் இன்றித் தர்காவா என வினவுவோர் உண்டு. தக்க வினாவே. அடக்கத்தலத்தை இடம்பெயர்க்க இயலாது. கொடியையும் பாட்டையும் கப்பலில் ஏற்றலாம்.

நாகூரில் ஜமாதுல் ஆகிர் மாதப் பிறை தோன்றியதும் கொடியேறும். பத்தாம் இரவில் சந்தனம் பூசப்பெறும். பக்கீர்கள் தாயிராவைக் கொட்டிப் பாடுவர். திக்ரு அவையிலோ கருவி வேண்டுவதில்லை. வட்டமாக அமர்ந்தோர் இறைநாமத்தை மெல்லத் தொடங்குவர், மூச்சே தாளமாகும், குரல் ஏற ஏறத் தலையும் தோளும் அசையும். எவரும் எழுந்து சுழல்வதில்லை. ஆயினும் செவிவழியே உள்ளம் தன்னை மறக்கும் நெறி ஒன்றே. (இவ்விழாவைக் குறிக்கும் 'கந்தூரி'யும் மலாய் மொழியின் 'கெண்டூரி'யும், விரிப்பைக் குறித்த ஒரே பாரசீகச் சொல்லின் வழிவந்தவை.)

இவ்வழிபாட்டிற்கு எதிர்ப்பும் பழையது. துருக்கிய அரசு 1925இல் சூபி மடங்களை மூடியது. சமா பின்னர் மேடைக்கலையாகவே மீண்டது. தர்கா இசையை ஏற்காத முஸ்லிம் சீர்திருத்தக் குரல்கள் நம்மிடையேயும் உண்டு. அவ்விவாதம் சமயத்தாருடையது. தமிழாசிரியர்க்குரிய கவலை வேறு.

நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் 1883இல் பினாங்கில் 'வித்தியா விசாரிணி' இதழை வெளியிட்டார். 'நாகூர்ப் புராணம்' பாடியவரும் அவரே. ஆகவே அத்தெருமூலை தமிழிலக்கிய வரலாற்றிலும் ஓர் இடம். எனினும் இசுலாமியத் தமிழிலக்கியத்தை நாம் காப்பியப் பெயர்ப் பட்டியலாகவே கற்பிக்கிறோம். முனாஜாத்து, கீர்த்தனை முதலியன பாடுவதற்கென்றே இயற்றப்பட்டவை. பழைய பாட்டு நூல்கள் பலவற்றில் ஒவ்வொரு பாடலின் மேலும் இராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கும். வகுப்பில் அந்த வரியை மட்டும் நாம் படிக்காது கடந்துவிடுகிறோம்.