குட்டியின் வயதைக் கேளுங்கள்

பண்ணைக்காரர்கள் கால்நடை மருத்துவனை அவசரமாகக் கூப்பிடுவது பெரும்பாலும் பன்றிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த மறுவாரத்தில்தான். பால் குடிக்கும் வரை, பாலிலுள்ள லாக்டோஸ் லாக்டிக் அமிலமாகிக் குட்டியின் வயிற்றைப் புளிப்பாக வைத்திருக்கும். தானியமும் சோயாப் புண்ணாக்கும் வந்ததும் புளிப்புக் குறையும், ஈ.கோலை பெருகும், கழிச்சல் தொடங்கும்.

இந்தக் கழிச்சலுக்காக யாரும் தீவனத்தில் ஆன்டிபயாடிக்கைச் சேர்க்கத் தொடங்கவில்லை. அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டாக்ஸ்டாடும் வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்தபின் மிஞ்சிய சக்கையைத் தின்ற கோழிக்குஞ்சுகள் வைட்டமின் கணக்குக்கு அடங்காமல் வளர்ந்தன. 1950இல் செய்தி வெளியானது, பன்றிக்கும் பலித்தது. வீசியெறிய வேண்டிய சக்கைக்கு விலை கிடைத்தால் எந்தக் கம்பெனிதான் விடும்?

தீவன ஆன்டிபயாடிக்கால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும் என்று 1969இல் பிரிட்டனின் ஸ்வான் குழு எச்சரித்தது. ஆனால் துணிந்தது சுவீடன். விவசாயிகளே கேட்டு, 1986இல் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கைத் தீவனத்திலிருந்து நீக்கினார்கள். உடனே குட்டிகள் கழிந்தன. சிகிச்சைக்கான மருந்துச் செலவு ஏறியது. பிறகுதான் வைக்கோல் படுக்கை, கூடுதல் இடம், தாமதமாகப் பிரிப்பது, புரதம் குறைந்த தீவனம் என்று கொட்டில் பக்கம் திரும்பினார்கள்.

டென்மார்க்கிலிருந்து சுலபமான வழி வந்தது. 1989இல் ஹன்னே டாம்கோர் போல்சன் துத்தநாக ஆக்சைடு கழிச்சலைக் கட்டுப்படுத்துவதைக் காட்டினார். கிலோ தீவனத்துக்கு 2,500 மில்லிகிராம் துத்தநாகம், இரண்டு வாரம். ஐரோப்பாவில் சாதாரணத் தீவனத்துக்கான உச்சவரம்பே 150 மில்லிகிராம்தான்! பெரும்பகுதி குடலில் ஒட்டாமல் சாணத்தோடு வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கும் துணைபோனது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கை முழுதாகத் தடுத்தது. 2022 ஜூனில் மருந்தளவுத் துத்தநாகத்துக்கும் தடை வந்தது.

நடுவே ஃபார்மிக் அமிலம், பென்சோயிக் அமிலம், பொட்டாசியம் டைஃபார்மேட், புரோபயாட்டிக், ஓரிகானோ எண்ணெய் என்று பொட்டலங்கள் வந்தபடி இருக்கின்றன. அமிலங்கள் ஓரளவு உதவும். குட்டிக்கு இல்லாத புளிப்பை வெளியிலிருந்து தருகின்றன. மற்றவை ஒரு பண்ணையில் பலிக்கும், அடுத்ததில் பலிக்காது. எதுவும் தனியாக நின்று பழைய சக்கையின் வேலையைச் செய்யாது என்பதே என் முடிவு.

பன்றி வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எந்தப் பொடி வாங்கலாம் என்று கேட்கும் முன், 21ஆம் நாளில் பிரிக்கும் குட்டியை 28ஆம் நாள் வரை தாயிடம் விட்டுப் பாருங்கள்.