‘நபர்’ என்ற சொல்லுக்குள் யார்?

நாளிதழ்களில் ‘சொலிசிட்டர் ஜெனரல்’ என்று படித்துப் பழகிய நமக்கு, வெறும் சொலிசிட்டர் என்பவர் யார் என்பது அவ்வளவாகத் தெரியாது. கல்கத்தா, பம்பாய் உயர்நீதிமன்றங்களில் எஞ்சியிருந்த இரட்டை முறையையும் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஒழித்துவிட்டது. இங்கிலாந்திலோ அந்தப் பிரிவினை இன்றும் உயிரோடு இருக்கிறது. கட்சிக்காரரைச் சந்தித்து, பத்திரம் எழுதி, உயிலைப் பாதுகாத்து, வழக்கைக் கட்டியெழுப்புபவர் சொலிசிட்டர். அங்கியும் பொய்முடியும் தரித்து மன்றத்தில் வாதாடுபவர் பாரிஸ்டர். (1990-க்குப் பிறகு உயர்மன்றங்களில் வாதாடும் வாய்ப்பு சொலிசிட்டர்களுக்கும் திறந்தது.) டிக்கன்ஸின் டல்கிங்ஹார்னையும் ஜாகர்ஸையும் வாசித்தவர்களுக்கு இந்த மனிதர்கள் புதியவர்கள் அல்லர். டிக்கன்ஸே 1827-இல் இத்தகைய அலுவலகம் ஒன்றில் எடுபிடி எழுத்தராக இருந்தவர்தாம்.

முன்பு இவர்களுக்கு மூன்று பெயர்கள் இருந்தன. பொதுச்சட்ட மன்றங்களில் அட்டர்னி, சான்சரி மன்றத்தில் சொலிசிட்டர், திருச்சபை மன்றங்களில் புரோக்டர். 1402-லேயே அட்டர்னிகளை நீதிபதிகள் சோதித்துப் பெயர்ப்பட்டியலில் சேர்க்க வேண்டுமென்று சட்டம் வந்தது. 1729-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 1831-இல் அரச பட்டயம் பெற்ற சட்டச் சங்கம் 1843-இல் பதிவேட்டின் காவலானது. 1870-களின் நீதிமன்றச் சீர்திருத்தம் மூன்று பெயர்களையும் ‘சொலிசிட்டர்’ என்ற ஒன்றில் கரைத்தது. தொழிலின் நலனைப் பேணும் சங்கமே அத்தொழிலின் ஒழுக்கத்தையும் கண்காணிப்பது முறையா என்ற கேள்விக்கு 2007 வரை தெளிவான விடை இல்லை. அவ்வாண்டில்தான் ஒழுங்குமுறைப் பணி தனி ஆணையத்திடம் சென்றது.

என்னை ஈர்ப்பது அந்தப் பதிவேட்டின் வாசலில் நடந்த ஒரு வழக்கு. க்வினெத் பெப் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத்தேர்வில் முதல் வகுப்புத் தரம் பெற்றவர். ஆனால் 1920 வரை அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கியதில்லை. சட்டச் சங்கத்தின் தொடக்கத் தேர்வை எழுத அவர் விண்ணப்பித்தார். பெண் என்பதால் தேர்ந்தாலும் சேர்க்க இயலாது என்று சங்கம் மறுத்துவிட்டது. அவரும் வேறு மூன்று பெண்களும் 1913-இல் நீதிமன்றத்தை நாடினர்.

வழக்கின் மையம் ஒரு சொல். 1843-ஆம் ஆண்டுச் சட்டம் ‘நபர்’ என்று பேசியது. ஆண்பாற் சொற்கள் பெண்பாலையும் குறிக்கும் என்று அதன் விளக்கப் பிரிவு சொன்னது. பிறகென்ன தடை? மேல்முறையீட்டு நீதிபதிகள் இலக்கணத்தை விட்டு வழக்காற்றைப் பிடித்துக்கொண்டனர். பெண்கள் அட்டர்னியாக இருந்ததே இல்லை. பெண் அட்டர்னியாக முடியாதென்று பதினேழாம் நூற்றாண்டிலேயே கோக் எழுதிவிட்டார். ஆகவே நாடாளுமன்றம் அந்த நெடுவழக்கத்தை மாற்ற எண்ணியதாகக் கொள்ள இயலாது. ஒருபோதும் இருந்ததில்லை என்பதே இனியும் இருக்கக் கூடாது என்பதற்குக் காரணமாயிற்று! மணமான பெண்ணுக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் முழு உரிமை இல்லை என்ற சிக்கலையும் ஒரு நீதிபதி எழுப்பினார்.

தமிழில் ‘வழக்குரைஞர்’ என்கிறோம். பலர்பால் ஈறு மரியாதைக்காக வந்து ஆண், பெண் இருவரையும் ஒருங்கே தழுவிக்கொள்கிறது. வகுப்பில் இதை நான் பெருமையாகச் சொல்வதுண்டு. பெப் வழக்கைப் படித்த பிறகு அந்தப் பெருமை சற்றுக் குறைந்துவிட்டது. ஆங்கிலச் சட்டத்தின் ‘நபர்’ என்ற சொல்லும் பாலைச் சுட்டாத சொல்தானே? சொல் கதவைத் திறந்தே வைத்திருந்தது. வாசலில் நின்றவர்கள்தாம் மறித்தார்கள்.

போருக்குப் பின், 1919-இல், பாலினத் தகுதியின்மையை நீக்கும் சட்டம் வந்தது. நீதிமன்றம் தரமறுத்ததை நாடாளுமன்றம் தந்தது. 1922 டிசம்பரில் கேரி மாரிசன் இங்கிலாந்தின் முதல் பெண் சொலிசிட்டராகப் பதிவேட்டில் இடம்பெற்றார். அவருடன் இறுதித் தேர்வில் தேறிய மூவரில் மாட் கிராஃப்ட்ஸும் ஒருவர். அவர் 1913-இல் பெப்புடன் வழக்காடிய நால்வருள் ஒருவர். பெப் அப்போது இல்லை. பாரிஸ்டராகும் முயற்சியில் இருந்தவர், 1921-இல், முப்பத்திரண்டு வயது நிறையும் முன்பே இறந்துபோனார்.