இடுப்பு வலியும் எம்ஆர்ஐ ஸ்கேனும்: ஒரு சின்ன வரலாறு

ஜூஜுவாடியில் லைன்ல நின்னு வேலை பார்க்கிறவங்க, லாரி ஓட்டுறவங்க, என்னை மாதிரி நாள் முழுக்க உட்கார்ந்து கோட் அடிக்கிறவங்க எல்லாருக்கும் பொதுவான விஷயம் ஒண்ணு உண்டு: இடுப்பு வலி. வலி வந்து நாலு நாள் ஆனதுமே "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்" என்ற பேச்சு வந்துவிடுகிறது. எடுத்தால் "எல்4-எல்5 ஜவ்வு பிதுங்கியிருக்கு" என்று ரிப்போர்ட். படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

1934-ல் பாஸ்டனின் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள், ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தினால் காலுக்கு இறங்கும் வலி வரும் என்று காட்டினார்கள். சரியான கண்டுபிடிப்புதான். ஆனால் எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. அதைப் பார்க்க முதுகில் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றிய பைக்குள் சாயம் செலுத்தணும். அதனால் ஆபரேஷன் தேவைப்படலாம் என்று தோன்றியவர்களுக்குத்தான் பெரும்பாலும் செய்தார்கள்.

1977 ஜூலை 3-ல் ரேமண்ட் டமாடியன் குழு நியூயார்க்கில் மனித உடலை முதன்முதலாக எம்ஆர்ஐ முறையில் படம் எடுத்தது. ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படத்துக்கு ஏறக்குறைய 5 மணி நேரம். இந்தியாவில் 1986-ல் டெல்லி இன்மாஸ் ஆய்வகத்துக்கு இந்த மெஷின் வந்தது. ஊசி வேண்டாம், கதிர்வீச்சு இல்லை. அதனால் வலியே இல்லாதவங்களையும் உள்ளே படுக்க வைத்துப் பார்க்க முடிந்தது. கதை திரும்பியது இங்கேதான்.

1990-ல் போடன் குழு, முதுகு வலியே வராத 67 பேரைப் படம் எடுத்தது. 60 வயதுக்குக் கீழே இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது! 1994-ல் ஜென்சன் குழு வலி இல்லாத 98 பேரைப் பார்த்தது. 52% பேருக்கு ஏதாவது ஒரு ஜவ்வில் உப்பல். எல்லா ஜவ்வும் நார்மலாக இருந்தவர்கள் 36% தான். அதே 1994-ல் அமெரிக்க அரசின் வழிகாட்டுதல், அபாய அறிகுறி இல்லையென்றால் முதல் ஒரு மாதம் ஸ்கேன் வேண்டாம் என்றது.

நம்ம பாஷையில் சொன்னால், நல்லா ஓடுற சர்வரின் லாக்கிலும் நூறு வார்னிங் இருக்கும். கிராஷ் ஆன அன்னைக்கு லாக்கைத் திறந்து, கண்ணில் பட்ட முதல் வார்னிங்தான் காரணம் என்று சொன்னால் எப்படி?

ரிப்போர்ட்டே வலியைக் கூட்டுமா? இதைச் சோதித்தது நம்ம கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை. டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வு அது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 44 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே விளக்கினார்கள். மற்றவர்களிடம் "நார்மல்தான், வயசுக்கேற்ற மாற்றம்" என்றார்கள். 6 வாரம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவுக்குப் பயம் அதிகம், வலி குறைந்தது கம்மி, நடமாட்டமும் மோசம். மூட்டை தூக்கிப் பிழைக்கிற காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு இந்தப் பயம் வந்தால் போவது ஸ்கேன் காசு மட்டுமில்லை, வேலையும்தான்.

அப்போ ஸ்கேனே வேண்டாமா? அப்படி இல்லை. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனால், தொடை இடுக்கு மரத்தால், கால் பலம் குறைந்துகொண்டே வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். புற்றுநோய் இருந்தவர்கள், பலமாக அடிபட்டவர்கள், காய்ச்சலோ எடை குறைவோ உள்ளவர்கள் தாமதிக்கக் கூடாது. நம்ம ஊரில் முதுகெலும்பு டிபியை மறக்கவே கூடாது. சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, படுத்தாலும் விடாத வலி இருந்தால் எம்ஆர்ஐ தண்டுவடத்தையே காப்பாற்றலாம். இவை எதுவும் இல்லாமல் காலுக்கு இறங்கும் வலி மட்டும் என்றால், சுமார் 6 வாரம் சிகிச்சை எடுத்தும் அடங்காமல் ஊசியோ ஆபரேஷனோ யோசிக்கும்போது ஸ்கேனுக்கு அர்த்தம் உண்டு.

மற்றபடி டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்க: "ரிசல்ட் எப்படி வந்தாலும் என் வைத்தியம் மாறுமா சார்?" மாறாது என்றால், அந்தக் காசு வீட்டுச் செலவுக்கு ஆகும்.