தெரு எவ்வளவு மழைநீரைச் சுமக்கும்? மனு எழுதுவோருக்கான ஒரு கணக்கு

வடகிழக்குப் பருவமழையில் திண்டுக்கல் நகரின் தாழ்வான தெருக்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தால், அதனை இயற்கையின் கணக்கில் எழுதிவிடுவது நிர்வாகத்திற்கு எளிது. ஆனால் ஊருக்கு மேட்டையும் சேரிக்குப் பள்ளத்தையும் ஒதுக்கியது சாதி. அந்தப் பள்ளத்தில் போடப்பட்ட தெரு தன் நீரைச் சுமக்குமா என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம்.

முதலில், வரும் நீர். பரப்பு (ஹெக்டேர்), மழைச்செறிவு (மணிக்கு மி.மீ.), வழிந்தோடும் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தால், வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைக்கும். நெருக்கமாக வீடுகள் உள்ள ஓர் ஏக்கரில் (0.4 ஹெக்டேர்) மணிக்கு 50 மி.மீ. மழை பெய்து, அதில் 0.8 பங்கு வழிந்தோடினால், வினாடிக்குச் சுமார் 44 லிட்டர்.

அடுத்து, தெரு சுமக்கும் நீர். ஓரக்கல்லை ஒட்டி நீர் முக்கோண வடிவில் ஓடுகிறது. மேனிங் சமன்பாட்டிலிருந்து பெறப்பட்ட சூத்திரம் இது:

ஓட்டம் = (0.376 ÷ சொரசொரப்புக் கெழு) × குறுக்குவாட்டம்^1.67 × நீளவாட்டம்^0.5 × நீர் பரவும் அகலம்^2.67

நடுமேடு கொண்ட 4 மீட்டர் தெருவில் ஒரு பக்கத்திற்கு 2 மீட்டர். தார்ச்சாலையின் கெழு 0.016, குறுக்குவாட்டம் 2 விழுக்காடு, நீளவாட்டம் 0.5 விழுக்காடு எனில், ஓரக்கல்லருகே நீரின் ஆழம் 4 செ.மீ.; ஓட்டம் வினாடிக்கு 15 லிட்டர். இரு பக்கமும் சேர்த்து 30. எஞ்சிய 14 லிட்டரை வடிகால் வாங்க வேண்டும். வாங்காவிட்டால், அரை மணி நேரத்தில் 25,000 லிட்டர், அதாவது இரண்டு தண்ணீர் லாரிக் கொள்ளளவு, வாசற்படிகளைத் தேடி வரும்.

சமவெளியில் நீளவாட்டம் 0.1 விழுக்காடாகக் குறைந்தால், ஒரு பக்கத்தின் 15 லிட்டர் 7 ஆகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டு ஓரக்கல் 2 செ.மீ. மட்டுமே வெளியே தெரிந்தால், 0.5 விழுக்காடு வாட்டத்திலும் 2.4 லிட்டர்தான். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை இட வேண்டும் எனத் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் 2021ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியுள்ளார்.

நீளவாட்டத்தை நாமே அளக்கலாம். கொத்தனாரின் டியூப் லெவல் போதும்: 100 மீட்டருக்கு 50 செ.மீ. இறக்கம் என்றால் 0.5 விழுக்காடு. வடிவமைப்பில் கொள்ளப்பட்ட மழைச்செறிவு, சாலையின் பழைய, புதிய மட்டங்கள் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் கோரலாம். பிரிவு 2(ஞ) பணியை நேரில் ஆய்வு செய்யும் உரிமையையும் தருகிறது.

பொதுத்தொல்லையை நீக்கக் கோரி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152இன் கீழ் நிர்வாக நடுவரை அணுகலாம். இது முன்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 133ஆக இருந்தது. அப்பிரிவின் கீழ் எழுந்த ரத்லம் நகராட்சி வழக்கில், வடிகால் அமைக்க நிதியில்லை என்பது கடமையிலிருந்து தப்பும் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. மனுவில் துயரத்தோடு இந்த எண்களும் இருக்கட்டும். எண்ணுக்கு எண்ணால்தான் பதில் சொல்லியாக வேண்டும்.