செங்காந்தள் காட்டிக்கொடுத்த பம்ப்



போன வாரம் நம் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் போனில் கேட்டான்: "பெரியப்பா, மஞ்சள் மிளகு மாத்திரை சாப்பிட்டா அம்மாவுக்குக் கீமோ நல்லா வேலை செய்யுமாம். வாங்கிக் குடுக்கலாமா?" வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. புரளி என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பின்னால் ஒரு நிஜமான வரலாறு இருக்கிறது.

1970-களில் கனடாவின் டொரண்டோ நகரில் விக்டர் லிங் என்ற விஞ்ஞானி வெள்ளெலிச் செல்களுக்குக் கோல்ச்சிசின் கொடுத்து வளர்த்தார். நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கிறதே, அதே நஞ்சுதான். தப்பிப் பிழைத்த செல்களிடம் ஒரு விந்தை: அதுவரை கொடுத்தே இராத வேறு மருந்துகளும் அவற்றிடம் பலிக்கவில்லை. 1976-இல் அவரும் ஜூலியானோவும் காரணத்தைக் கண்டார்கள். அந்தச் செல்களின் மேலுறையில் பி-கிளைகோபுரோட்டீன் என்ற புரதம் மிகுதியாக இருந்தது. உள்ளே வரும் மருந்தைக் கிணற்று மோட்டார் போல வெளியே இறைத்துவிடுவது அதன் வேலை என்று பிறகு தெளிவாயிற்று.

அப்படியானால் மோட்டாரை அடைத்துவிட்டால்? 1981-இல் ஜப்பானில் சுருவோ குழுவினர், நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டினுக்கு அடங்காத எலி ரத்தப்புற்றுச் செல்களில் வெரபமில் என்ற இதய மருந்தைச் சேர்த்தார்கள். வின்கிரிஸ்டின் செல்லுக்குள் தங்கியது! ஆனால் மனிதருக்கு அந்த அளவு வெரபமில் கொடுத்தால் இதயம் தாங்காது.

அடுத்து சின்கோனா பட்டையின் கொயினா. (நடுவட்டம் சுற்றுலாவில் அந்த மரத்தைக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா?) பிரான்சில் ரத்தப்புற்று நோயாளிகள் 400 பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்குக் கீமோவுடன் கொயினாவும் கொடுத்துப் பார்த்தார்கள். 2003-இல் முடிவு வந்தது. மோட்டார் ஓடிய சிலருக்கு நோய் தணிவது கூடியது; மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை.

மஞ்சளின் குர்குமினும் மிளகின் பைப்பரினும் ஆய்வுக்கூடச் செல்களில் இதே மோட்டாரைத் தடுப்பது உண்மை. ஆனால் அந்த மோட்டார் புற்றில் மட்டுமா இருக்கிறது? நம் குடலிலும் ஈரலிலும் மூளையின் ரத்தக்குழாய்களிலும் இருக்கிறது, நஞ்சை வெளியேற்றுவதற்காக. போதாததற்கு, பல மருந்துகளைச் சிதைக்கும் ஈரல் நொதி ஒன்றையும் பைப்பரின் தடுக்கிறது. டாக்டர் அளந்து கொடுத்த கீமோ ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறிவிட்டால்? குழம்பில் போடுகிற மஞ்சளைச் சொல்லவில்லை. டப்பாவில் விற்கிற மாத்திரையைச் சொல்கிறேன்.

அவனிடம், "இப்போதைக்குக் கொடுக்காதே. டப்பாவை அப்படியே எடுத்துப்போய்க் கீமோ தரும் டாக்டரிடம் காட்டு" என்றேன். வியாழக்கிழமை அடுத்த ஊசி.