சத்தம் போன சாலைகள்

பிரான்சின் தென்மேற்கில் லாட் என்று ஓர் ஆறு இருக்கிறது. செய்ன், ரோன், லுவார் அளவுக்கு நம் ஊரில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். லோசேர் மாவட்டத்து மலைகளில் பிறந்து, சுமார் 480 கிலோமீட்டர் ஓடி, கரோன் ஆற்றில் கலக்கிறது. அந்தக் கரோன் போர்தோ நகரத்தைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறது. லாட் நேராக ஓடுகிற ஆறு இல்லை. காவோர் என்ற நகரத்தை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டுதான் நகர்கிறது. வரைபடத்தில் பார்த்தால் யாரோ அவிழ்த்துப் போட்ட கயிறு மாதிரி இருக்கும்.

சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கு ஒரு சொர்க்கம். ஒரு பக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் தண்ணீர், நடுவில் ஒடுக்கமான தார்ச்சாலை. ஆற்றை ஒட்டியே போவதால் பெரிய ஏற்றம் கிடையாது. சில கிலோமீட்டருக்கு ஒரு கிராமம், ஒரு பழைய தேவாலயம், ஒரு கல்பாலம். பிரதான சாலையை விட்டு விலகிவிட்டால் கார் வருவதே அபூர்வம்.

போய் வந்தவர்கள் எல்லோரும் அந்த அமைதியைத்தான் புகழ்கிறார்கள். ஆனால் வணிகவியல் படிப்பவர் யாராவது அந்தச் சாலையைப் பார்த்தால் வேறு ஒரு கேள்விதான் முதலில் வரும். சாலை என்பது செலவு. போக்குவரத்து இருக்கும் என்று நம்பித்தான் ஒருவர் அதில் பணம் போடுகிறார். அப்படியானால் அந்தப் போக்குவரத்து எங்கே போயிற்று?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். காவோர் இன்று இருபதாயிரம் பேர் வாழும் அமைதியான ஊர். 13ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவே அறிந்த வட்டிக்கடை! காவோர்க்காரர்கள் லண்டன் வரை போய்க் கடன் கொடுத்தார்கள். கடைசியில் 'காவோர்க்காரன்' என்ற சொல்லுக்கே வட்டிக்காரன் என்று பொருள் வந்துவிட்டது. இத்தாலியக் கவிஞர் டான்டே தன் 'நரகம்' காண்டத்தில் இந்த ஊரை சோதோம் நகரத்தோடு சேர்த்துப் பெயர் சொல்லி வைத்தார். பாவிகளின் பட்டியலில் ஒரு முழு ஊரையே சேர்ப்பதென்றால் வட்டி விகிதம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். 1316இல் போப் ஆன இருபத்திரண்டாம் ஜான் இதே ஊரில் பிறந்தவர்தான். பணம், மதம் இரண்டிலும் ஆள் வைத்திருந்த ஊர்.

ஊரின் மேற்குப் பக்கம் மூன்று கோபுரங்களோடு நிற்கும் வலாந்த்ரே பாலம் அந்தச் செழிப்பின் காலத்தது. 1308இல் தொடங்கிய வேலை முடிய எழுபது ஆண்டு ஆனது. கட்டியவர் பிசாசோடு ஒப்பந்தம் போட்டு ஏமாற்றினார், அதனால்தான் கோபுரத்தின் மூலைக்கல் ஒன்று நிற்கவே மாட்டேன் என்கிறது என்று ஒரு கதை உண்டு. 1879இல் பழுது பார்த்த கட்டடக்கலைஞர் போல் கூ அந்த மூலையில் ஒரு குட்டிப் பிசாசின் சிலையையே செதுக்கி வைத்துவிட்டார். அது இன்னும் கல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது.

பணம் கொடுக்கல் வாங்கலோடு இன்னொரு சரக்கும் இருந்தது. ஒயின். காவோர் ஒயின் நிறம் அடர்ந்தது. 'கறுப்பு ஒயின்' என்றே அதற்குப் பெயர். பீப்பாய்களைத் தட்டையான மரப்படகில் ஏற்றி, ஆற்றோடு விட்டு, போர்தோவில் கப்பல் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டும். இங்கேதான் சிக்கல். போர்தோவைச் சுற்றியும் திராட்சைத் தோட்டங்கள்தான். தங்கள் ஒயின் விற்று முடியும்வரை மேலேயிருந்து வரும் ஒயின் துறைமுகத்துக்குள் நுழையக்கூடாது என்று அந்த ஊர் வியாபாரிகள் அரசரிடம் சலுகை வாங்கி வைத்திருந்தார்கள். அப்போது அந்தப் பகுதி இங்கிலாந்து அரசரின் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாங்குகிற நாட்டின் அரசரே விற்கிற துறைமுகத்துக்கும் எஜமான்! இலையுதிர் காலத்தில் புது ஒயின் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் கிளம்பிய பிறகு, குளிர்காலத்தில்தான் காவோர் பீப்பாய்களுக்குக் கதவு திறக்கும். தேதியை வைத்தே போட்டியாளரை முடக்கிய வித்தை இது. பிரான்ஸ் அந்தப் பகுதியைத் திரும்பப் பிடித்த பிறகும் சலுகை போகவில்லை. 1776இல் பதினாறாம் லூயியின் நிதி அமைச்சர் துர்கோ ஓர் ஆணை போட்டு ஒயின் வியாபாரத்தைத் திறந்துவிட்டார். ஐந்நூறு ஆண்டுக் கதை! அதே ஆண்டு அவர் பதவியும் போனது. எத்தனையோ பேரின் சலுகையில் கை வைத்த அமைச்சருக்கு அது ஆச்சரியமில்லை.

19ஆம் நூற்றாண்டில் ஆறு உண்மையிலேயே பெருவழியாக மாறியது. மேலே தெகாஸ்வில் பகுதியில் நிலக்கரி வெட்டத் தொடங்கியிருந்தார்கள். கரி கீழே போக வேண்டும். அரசு செலவில் ஆற்றின் குறுக்கே சிறு அணைகளும், படகை ஏற்றி இறக்கும் மதகுக் கூண்டுகளும் எழுந்தன. மொத்தம் எழுபதுக்கும் மேல். படகு கீழே போக ஆறே போதும். மேலே வர? கரையில் நடந்து கயிற்றால் இழுக்க வேண்டும். பாறை நேராகத் தண்ணீரில் இறங்கும் இடங்களில் நடக்கவே வழி இல்லை. பூஸியெஸ் என்ற ஊருக்கு அருகே அந்தப் பாறையையே பக்கவாட்டில் குடைந்து ஒரு பாதை செய்தார்கள். தலைக்கு மேலும் பாறை, இடப்பக்கமும் பாறை, வலப்பக்கம் ஆறு. இன்று சுற்றுலா வருபவர்கள் படம் எடுக்கும் இடம் அது. தோளில் கயிறு போட்டு நடந்தவர்களுக்கு அது வேலை செய்யும் இடம்.

அதே பாறைக்குச் சற்று மேலே போனால் சேன் சீர் லபொப்பி. ஆற்றிலிருந்து நூறு மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிராமம். இந்தக் கிராமத்தின் பிழைப்பு என்ன தெரியுமா? குழாய்! ஒயின் பீப்பாயில் பொருத்தும் மரக்குழாய். சுற்று வட்டாரத்தில் வளரும் பெட்டிமரம் என்ற கடினமான சிறு மரத்தைக் கடைசல் பிடித்து அதைச் செய்தார்கள். கீழே ஆற்றில் பீப்பாய் போகும்வரை மேலே கடைசல் சக்கரம் சுற்றியது.

சாலைகளும் இதே காலத்தில்தான் வந்தன. 1836இல் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. கிராமங்களை இணைக்கும் சிறு சாலைகளை அந்தந்த ஊரே பராமரிக்க வேண்டும்; ஊர்க்காரர் ஆண்டுக்கு மூன்று நாள் வரை உழைப்பாகத் தரலாம், அல்லது அதற்கு ஈடாகப் பணமாகக் கட்டலாம். இன்று பிரான்சில் பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சாலை இருக்கிறது. அதில் பெரும்பகுதி மாவட்டச் சாலைகளும் ஊர்ச் சாலைகளும்தான். நெடுஞ்சாலை வெறும் சொற்பம். இந்த வலைப்பின்னலின் அடித்தளம் மாட்டு வண்டிக்காக, விவசாயிகளின் மூன்று நாள் உழைப்பில் போட்டது. அதனால்தான் அந்தச் சாலைகள் வயல் வரப்போடு வளைகின்றன, ஒவ்வொரு பண்ணை வாசலையும் தொட்டுக்கொண்டு போகின்றன. சைக்கிள்காரர் ரசிக்கும் வளைவுகளெல்லாம் அப்போது யாரோ ஒருவர் தன் நிலத்தை விட்டுக் கொடுக்க மறுத்ததன் அடையாளம் என்று கூடச் சொல்லலாம்.

பிறகு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகச் சரிந்தது. 1870களில் ஃபிலோக்சரா என்ற பூச்சி இந்தப் பகுதிக்கு வந்து திராட்சை வேர்களைத் தின்றது. 1886இல் ஆற்றை ஒட்டியே ரயில் வந்தது. படகுகளுக்கு வேலை போயிற்று. தோட்டம் இல்லை என்றால் பீப்பாய் இல்லை. பீப்பாய் இல்லை என்றால் குழாய் எதற்கு? பிறகு 1914. பிரான்ஸ் முழுவதும் சுமார் 14 லட்சம் பேர் அந்தப் போரில் இறந்தார்கள். எவ்வளவு சின்ன கிராமமாக இருந்தாலும் நடுவில் ஒரு கல்தூண் நிற்கும், அதில் பெயர்கள் இருக்கும். ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வருவதும் உண்டு. சைக்கிளை அந்தத் தூணில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிப்பவர்கள் சில நிமிடம் அதைப் படிக்கலாம். 1926இல் லாட் ஆறு, படகு செல்லும் ஆறுகளின் அரசுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

லாட் மாவட்டத்தின் மக்கள்தொகை 1851இல் சுமார் 2,96,000. 1950களில் அதில் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். பாரிசுக்கும் துலூஸுக்கும் போனவர்கள் திரும்பவில்லை. மேலே கேட்ட கேள்விக்குப் பதில் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. சாலை அங்கேயே இருந்தது. நடந்தவர்கள்தான் போய்விட்டார்கள்.

காலியான அந்தச் சாலைகளில் சைக்கிள் எப்படி வந்தது என்பது தனிக்கதை. அதற்கு லாட்டை விட்டுக் கிழக்கே, மலைகளைத் தாண்டி, சேன் எத்தியேன் என்ற தொழில் நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே போல் த விவீ (1853–1930) என்று ஒரு பட்டு வியாபாரி இருந்தார். 1881இல் ஒரு சைக்கிள் வாங்கினார். அதோடு பட்டு வியாபாரத்துக்குச் சனி பிடித்தது என்றே சொல்ல வேண்டும். கடையை விட்டுவிட்டு சைக்கிள் விற்றார், 1887இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். பந்தயம் அவருக்குப் பிடிக்காது. சைக்கிள் என்பது ஊர் பார்க்க, மலை ஏற, மூச்சு வாங்காமல் நாள் முழுக்கப் போக என்பது அவர் கட்சி. அதற்குக் கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார், தானே பல அமைப்புகளைச் செய்து பார்த்தார். எதிர்த்தரப்பில் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி தெக்ராஞ்ஜ். கியரெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு என்ற பொருளில் எழுதியவர் அவர். அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றும் சைக்கிளுக்கு 1937இல்தான் அனுமதி கிடைத்தது. அதைப் பார்க்க வெலோசியோ இல்லை. 1930இல், சாலையைக் கடக்கும்போது டிராம் மோதி இறந்தார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மலைப்பாதையில் ஓட்டியவர், அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போனார்.

கருவி வந்துவிட்டது. நேரம்? 1936இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்கு இரண்டு வாரச் சம்பளத்துடன் விடுமுறை என்று சட்டம் செய்தது. வாழ்நாளில் முதல் முறையாக விடுமுறை பார்த்த குடும்பங்கள் பல. கார் வாங்க வசதி இல்லை. இரண்டு பேர் மிதிக்கும் டாண்டம் சைக்கிளில் கணவனும் மனைவியும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிய புகைப்படங்கள் அந்தக் கோடையின் அடையாளமாகிவிட்டன. பட்டணத்துக்குப் பிழைக்கப் போனவர்களில் பலர் தாத்தா வீட்டு ஊரை விடுமுறைக்கு வந்து பார்த்ததும் இப்படித்தான்.

சேன் சீர் லபொப்பிக்கு இரண்டாவது வாழ்வு 1950இல் வந்தது. போரால் சலித்துப் போன காவோர் நகரம் 1949இல் தன்னை 'உலக நகரம்' என்று அறிவித்துக்கொண்டது. மறு ஆண்டு ஆற்றங்கரைச் சாலையை 'எல்லை இல்லாச் சாலை' என்று திறந்து வைத்தார்கள். அந்த விழாவுக்கு வந்த கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் இந்தக் கிராமத்தைப் பார்த்தார், மயங்கினார், 1951இல் அங்கே வீடே வாங்கிவிட்டார். ஓவியர்கள் பின்தொடர்ந்தார்கள், பின்னால் பயணிகள். 1982இல் 'பிரான்சின் மிக அழகான கிராமங்கள்' என்று ஒரு சங்கம் உருவானது. சேர வேண்டுமானால் மக்கள்தொகை 2,000க்கு மேல் இருக்கக்கூடாது. ஆள் குறைந்ததே தகுதியாகிவிட்ட விசித்திரம்! 2012இல் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் பிரெஞ்சுக்காரர்களின் மனம் கவர்ந்த கிராமமாக சேன் சீர் லபொப்பி தேர்வானது. கோடையில் தெரு நிறையக் கூட்டம். குளிர்காலத்தில் பெரும்பாலான சன்னல்கள் மூடியே கிடக்கும். நிரந்தரமாக வாழ்பவர்கள் சுமார் இருநூறு பேர்.

ஒயின் கதை மட்டும் கொஞ்சம் நல்லபடியாகத் திரும்பியது. 1956 பிப்ரவரியில் அடித்த கடும் உறைபனி மிச்சமிருந்த கொடிகளையும் கொன்றது. விவசாயிகள் பழைய மல்பெக் வகையையே திரும்ப நட்டார்கள். 1971இல் காவோர் ஒயினுக்கு அரசின் புவிசார் அங்கீகாரம் கிடைத்தது.

ரயில்? காவோரிலிருந்து கப்தெனாக் வரை, சுமார் 70 கிலோமீட்டர், ஆற்றோடு ஒட்டிய அந்தப் பாதையில் 1980இல் பயணி ரயில் நின்றது. பின்னர் சரக்கும் நின்றது. தண்டவாளத்தில் புல் முளைத்தது. அதைப் பெயர்த்துவிட்டு சைக்கிள் பாதை போடலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. கூடாது, ரயில்தான் திரும்ப வர வேண்டும் என்று இன்னொரு தரப்பு மல்லுக்கு நின்றது. முதல் தரப்புக்கு ஆதாரம், ஆண்டுதோறும் வரும் பயணிகள். இரண்டாவது தரப்புக்கு ஆதாரம், அங்கே இன்னும் வாழ்கிற, வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய ஆட்கள்.